செல்லும் முகவரி

கோட்டைகளைக் காத்த வீரர்களை உலகம் பாடிவிட்டது. கண் ஆஸ்பத்திரியின் இணையதளத்தில், மின்னஞ்சல் முகவரி எழுதும் அந்தச் சின்னக் கட்டத்தைக் காத்த நிரலாளரை இன்னும் யாரும் பாடவில்லை.

அலுவலகத்தில் அவருக்குக் ‘கறார்’ என்று பெயர். முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து வரலாம் என்பது அவர் வகுத்த விதி. கூட ஓர் எழுத்தோடு வந்தவர் நோயாளியே ஆனாலும் ‘ஊடுருவல்காரர்’.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கூட்டத்தில் கேட்டாள். “சார், அந்த முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தா தெரிஞ்சிடுமே?”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அது தபால்காரர் வேலைம்மா. நாம பண்றது ‘சரிபார்ப்பு’.”

கறார் அடக்கமாகத் தலைகுனிந்தார்.

அன்று மாலை அவருடைய அக்கா போன் செய்தாள்.

“கண்ணுல கறுப்பா திரை விழுந்த மாதிரி இருக்குடா. டாக்டரைப் பார்க்கப் பதிவு பண்ணலாம்னா, என் முகவரி செல்லாதுன்னு வருது.”

“கடைசியில எத்தனை எழுத்து?”

“ஆறு. ஆபீஸ்ல கொடுத்தது. நேத்து அதுக்குத்தானே நீ போட்டோ அனுப்பினே? வந்துதே!”

“வந்தா மட்டும் போதாதுக்கா. செல்லுபடியாகணும்.”

“இப்ப நான் என்னதான் பண்றது?”

“மூணு எழுத்துல முடியற மாதிரி ஏதாவது ஒண்ணு போடேன்.”

வந்த எரிச்சலில் அக்கா ‘போடா@போடா.காம்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினாள். பச்சை நிறத்தில் ‘செல்லும்’ என்று வந்தது. ‘என்ன தொந்தரவு?’ என்ற அடுத்த கட்டத்தில் கறுப்புத் திரையைப் பற்றி எழுதினாள். அடுத்த வாரம் ஒரு தேதியும் கிடைத்தது.

“பார்த்தியா, ஒரு குறை இல்ல!” என்று கறார் பூரித்தார்.

அந்தத் தேதியில் தம்பியும் அக்காவும் போனார்கள். டாக்டர் கண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“விழித்திரை பிரிஞ்சுடுச்சும்மா. நீங்க எழுதியிருந்ததைப் படிச்சதுமே, மறுநாளே வாங்கன்னு மெயில் போடச் சொன்னேனே. அப்பவே வந்திருந்தா பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம்.”



அந்த மெயில் ஏன் போய்ச் சேரவில்லை என்று பார்க்க ஆஸ்பத்திரியில் விசாரணைக் குழு கூடியது, பிஸ்கட் சாப்பிட்டது, தீர்ப்பளித்தது: முகவரி விதிப்படி சரியானது. நிரலில் பிழை இல்லை. பொறுப்பாளருக்குப் பாராட்டு.

கறார் அக்கா வீட்டுக்குப் போனார். இடது கண்ணில் கட்டோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடா சொன்னாங்க?”

“எல்லாமே செல்லும்னுட்டாங்க.”

“அப்போ செல்லாமப் போனது என் கண்ணு மட்டும்தான்,” என்றாள் அக்கா.