அக்காவோட மூணு தொடர்கதையும் ஒரே தையல்ல

சனிக்கிழமை எனக்கு ஒரே வேலை. அக்கா வாரா வாரம் பத்திரிகையில இருந்து கிழிச்சுச் சேர்த்த தொடர்கதைங்களைத் திருப்பதியில பைண்டு பண்ணிகினு, சாயங்காலம் ரேணிகுண்டா ஸ்டேஷன்ல அவ கையில குடுக்கணும்.

மாமாவுக்குக் கர்நூல்ல, மெட்ராஸை விட்டுப் புதுசா பிரிஞ்ச ஆந்திரா ராஜ்ஜியத்து ஆபீஸு. அக்கா அன்னிக்குத்தான் குடித்தனம் போறா.

"அங்க தமிழ் எழுத்தே கண்ணுல படாதுடா. இந்த மூணு கதைதான் எனக்குத் துணை. பத்திரம்!"

"பள்ளிக்கூடத்தைத்தான் பாதியில விட்டே. இதையாவது முடி"ன்னாரு நைனா.

மூணையும் நான் முன்னாடியே படிச்சவன். உண்மையச் சொல்றேன். ராஜா கதையில ராஜா முப்பது வாரமா குதிரை ஏறிகினே இருக்காரு. மாமியார் கதையில மருமக அழுதுகினே இருக்கா. கொலைக் கதையில கொன்னது டாக்டருதான்னு மூணாவது வாரமே தெரிஞ்சிடுது. தூக்கம்தான் வந்துது.

புத்தூர்ல பஸ் ஏறினேன். முன் சீட்டுல ரெண்டு பெரிய மனுஷங்களுக்குள்ள எல்லைச் சண்டை.

"புத்தூரு மெட்ராஸோடதான்யா சேரும்!"

"எப்படிச் சேரும்? ஆந்திராதான்!"

மெட்ராஸ்காரரு கையை வீசினாரு. என் கட்டு மேல பட்டு நூல் அறுந்துது. மூணு கதையும் பஸ் பூராப் பறந்துது!

பாவம், ரெண்டு பேரும் ஒண்ணா குனிஞ்சு பொறுக்கித் தந்தாங்க. அடுக்க வேண்டியது நான். அடுக்கல. யாரு உக்காந்து பார்க்கிறது?

திருப்பதி பைண்டருக்குத் தமிழ் படிக்க வராது. "வரிசை சரிகா உந்தா, பாபு?"ன்னாரு.

"எல்லாம் சரியா கீது. சீக்கிரம் தைங்க!"

தைச்சாரு. நாலு பேரு இழுத்தாலும் ஒரு தாள் வராது. அப்படித் தையல்.

ஸ்டேஷன்ல ரயிலுக்கு நேரம் இருந்துது. பிரிச்சேன்.

ராஜா வாளை உருவுறாரு. எதிர்ப்பக்கத்துல மாமியார், "சாம்பார்ல உப்பு எங்கடி?"ன்றா. திருப்பினா ஒரு பொணம். டாக்டர் நாடி பார்க்கிறாரு. உப்பில்லாத சாம்பாரே கொன்னுட்டுது! அதுக்கடுத்த தாள்ல, அழுதுகினு இருந்த மருமக பக்கம் முடிஞ்சு ராஜாவோட குதிரைப் பக்கம் ஆரம்பிக்குது. மருமக குதிரை ஏறிட்டா!

சத்தமா சிரிச்சேன். போர்ட்டர் திரும்பிப் பார்த்தாரு. இவ்ளோ நல்ல புஸ்தகம் நான் படிச்சதே இல்ல.

அக்கா வந்தா. பிரிச்சா. மூஞ்சி சுருங்கிடுச்சு.

"ராஜாகிட்ட ஏன்டா உப்பு கேக்குறாங்க?"

"பஸ்ல கொட்டிடுச்சு."

"அடுக்கலையா?"

"இல்ல."

வண்டி வந்துடுச்சு. திட்டக்கூடச் செய்யாம, கண்ணைத் துடைச்சிகினு புஸ்தகத்தோட ஏறினா.

ஒரு மாசம் கழிச்சு கடுதாசி வந்துது.

"தம்பி, இங்க மெட்ராஸ்ல இருந்து வந்த நாலு குடும்பம் கீது. தெனம் மத்தியானம் என் வீட்டுலதான், நான் அந்தப் புஸ்தகத்தைப் படிக்கப் படிக்கக் கேக்குறாங்க. மருமக குதிரை ஏறினா கை தட்டுறாங்க. உன்மேல கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காத. பரண்ல இன்னொரு கட்டு கீது. அதே பஸ்ல கொண்டு போ."

போன வாரம் அந்தக் கட்டோட ஏறினேன். பஸ்ல எல்லாரும் சமாதானமா தூங்கிகினு வராங்க.

வேற வழி? "ஏன் சார், புத்தூரு யாருக்குச் சேரும்?"னு நானே ஆரம்பிச்சேன்.