மெத்தைக்குள் மாட்டிய கை

ஒன்றும் தெரியாதவன் கடைக்குப் போனால் ஏதோ ஒரு பொருளோடு திரும்பி வருவான். எல்லாம் தெரிந்தவன் போனால் நல்ல பொருளோடு வருவான். முக்கால்வாசி தெரிந்தவன் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவொற்றியூர் மெயின் ரோட்டில் உள்ள ஒரு மெத்தைக் கடையில், வலது கை முழங்கை வரை மெத்தைக்குள் இருக்க, முக்கால் மணி நேரம் மண்டி போட்டிருந்தவன் நான்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணமாகி அப்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் கோயில் தெருவுக்குப் பின்னால் மாடி வீடு. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு கன்டெய்னர் யார்டில் சரக்கு சரிபார்க்கும் வேலை. எங்களிடம் இருந்தது கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தை. அதன் நடுவில் ஒரு குழி விழுந்து, வருடா வருடம் ஆழமாகிக்கொண்டே வந்தது. நான் தொண்ணூறு கிலோ, அவள் ஐம்பது. எங்கே படுத்தாலும் அவள் உருண்டு என் பக்கம் வந்துவிடுவாள். (கேட்பவர்கள் இதைக் காதல் என்று நினைக்கலாம். அது வெறும் சரிவு.) நான் ஒருமுறை புரண்டால் மெத்தை முழுக்க, அலையில் மாட்டிய படகு மாதிரி ஆடும்.

ஒரு நாள் காலையில் ஸ்டெல்லா பரணிலிருந்து பாயை இறக்கினாள்.

"நீ ஒரு தபா பொரண்டா நான் ஒரு தபா எந்திரிக்கிறேன். டூட்டில கண்ண சொருவிகினு வருது. இனிமே நான் ஹால்லயே பட்துக்கறேன்," என்றாள்.

(எங்கள் பக்கத்தில் மனைவி கணவனை 'நீ' என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. 'நீங்க' என்று ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும்.)

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். கோபமே இல்லை. அலுப்பாகச் சொன்னாள். இரண்டு மாதம் ஓடியது. படுக்கும்போது அவள் வார்டில் நடந்ததைச் சொல்வாள், நான் லாரி டிரைவர்கள் சொன்ன பொய்களைச் சொல்வேன். அந்தப் பேச்சு நின்றுபோனது. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி, "கேஸ் தீந்துபோச்சு", "பால் வந்துச்சு" என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வருடக் கல்யாணம் ஒரு குழியால் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது.

வேறொருவனாக இருந்தால் மறுநாளே ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருப்பான். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் மெத்தை வீடியோதான். கடைசியில் எங்களுக்கு ஏற்றது லேடெக்ஸ் ஹைபிரிட் என்று கண்டுபிடித்தேன். அடியில் ஸ்பிரிங்குகள். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தனித்தனித் துணிப் பை இருப்பதால் ஒன்று அமுங்கினால் பக்கத்து ஸ்பிரிங் அசையாது. மேலே ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் அடுக்கு. தொண்ணூறு கிலோ ஒரு பக்கம் புரண்டாலும் ஐம்பது கிலோவுக்குச் சேதி போகாது. கேட்கவே நிம்மதியாக இருந்தது.

ஆனால் அதிலும் ஏமாற்று உண்டு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வெளியே லேடெக்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டு, உள்ளே அப்பளம் கனத்துக்கு ஒரு அடுக்கு வைத்துவிட்டு, மீதிக்குச் சாதாரண ஃபோமை அடைப்பார்களாம். இரண்டு தலையணை இலவசம் என்று வாயையும் அடைத்துவிடுவார்களாம். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாதே, திறந்து பார் என்பதுதான் எங்கள் யார்டின் முதல் பாடம். அதனால் இதெல்லாம் என் ரத்தத்தில் ஊறிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். யார்டில் வருகிற டிரைவர்களை நிறுத்தி வைத்து லேடெக்ஸ் பற்றிப் பேசினேன். "சார், எனுக்கு ஸ்டியரிங் மேலயே தூக்கம் வருது, ஆள வுடு சார்," என்று ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு, ஸ்டெல்லா நைட் டூட்டி முடித்து, நேராக மாதா கோயில் பூசைக்கு வந்து, அங்கிருந்து என்னோடு கடைக்கு வந்தாள். கடைக்காரர் நூர் பாய். நரைத்த தாடி, நிதானமான மனிதர். நான் பதினெட்டுக் கேள்வி கேட்டேன். பதினெட்டுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, ஒரு மெத்தையைக் காட்டினார்.

"சும்மா கைய வெச்சு அமுக்கிப் பாத்தா ஒண்ணும் தெரியாது," என்று அவருக்கே பாடம் நடத்தினேன். "கால் மணி நேரமாவது படுத்துப் பாக்கணும். ஸ்டெல்லா, நீ இந்தப் பக்கம் படு."

"கடையில எப்டிபா பட்துக்கறது?" என்று தயங்கினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். நானோ மெத்தையின் மூலையில் இருந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாய், இத்த தொறந்து லேடெக்ஸ் எவ்ளோ கனம்னு பாக்கலாமா?"

"அது தொறக்கறதுக்கு இல்ல சார். உள்ள வலைத்துணி ஒட்டிகினு கீது. சாம்பிள் பீஸு வேணும்னா காட்றேன், இருங்க," என்று நூர் பாய் உள்ளே குடோனுக்குப் போனார்.

திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாரே, அப்படியானால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று என் யார்டு மூளை சொன்னது. மண்டி போட்டேன். ஒரு சாண் ஜிப்பை இறக்கினேன். சட்டைப் பையில் கொண்டுபோயிருந்த இரும்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. லேடெக்ஸின் அடிவிளிம்பை விரல் தொட்ட சமயம், என் கடிகாரத்தின் இரும்பு வார் வலைத்துணியில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன். இன்னும் நன்றாகச் சிக்கியது. பதறி இடது கையால் ஜிப்பை அசைக்க, அது என் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, கல்யாணப் பெண். சீருக்கு மெத்தை வாங்க வந்தவர்கள். காசிமேட்டு ஆட்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. மண்டி போட்டிருந்த என்னைப் பெண்ணின் அப்பா உற்றுப் பார்த்தார்.

"கம்பெனி ஆளா நைனா?"

மாட்டிக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்தவனின் மானம் அதற்கு விடவில்லை. "ஆமா," என்றேன்.

"உள்ள கைய வுட்டுகினு இன்னா பாக்கற?"

"லேடெக்ஸ் கனம் பாக்கறேன். நீங்களும் இப்டித்தான் பாத்து வாங்கணும்," என்று தொடங்கியவன் நிறுத்தவில்லை. ஸ்பிரிங், துணிப் பை, ரப்பர் பால், இலவசத் தலையணை மோசடி என்று எல்லாவற்றையும் சொன்னேன். நூர் பாய் திரும்பி வந்து, ஒரே பார்வையில் என் நிலைமையைப் புரிந்துகொண்டார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கடையில் அவ்வளவு நன்றாக யாரும் அதுவரை விற்றதில்லை என்று பிற்பாடு சொன்னார்.

"ஒருத்தர் பொரண்டா இன்னொருத்தருக்கு ஆடுமா?" என்று கல்யாணப் பெண் கேட்டாள்.

"அங்க பாருங்க," என்று ஸ்டெல்லாவைக் காட்டிவிட்டு, இதுதான் சமயம் என்று முழுப் பலத்தையும் கூட்டிக் கையை இழுத்தேன். மூலை எகிறியது. கை வரவில்லை. மறுபடி இழுத்தேன். என் கழுத்து நரம்பு புடைத்தது. அந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் புடவைத் தலைப்புகூட அசையவில்லை.

"அடேங்கப்பா," என்றார் அப்பா. "அந்தம்மா யாரு?"

"அவங்களும் கம்பெனிதான். டெமோ."

"தூங்கறதுக்கு சம்பளமா? ஷோக்கா கீதே."

பெண்ணின் அம்மா மட்டும் மெத்தையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். "யம்மா, இது நம்ம ஸ்டெல்லா சிஸ்டரு. நம்ம சின்னவன் பொறந்தப்ப ராவெல்லாம் கூடவே இருந்துச்சே," என்று சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் தோளைத் தட்டி எழுப்பினார். "இன்னா சிஸ்டரு, ஆஸ்பத்திரி வேலைய வுட்டுட்டியா? இவுங்க இன்னா குடுக்கறாங்க?"

ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்தாள். அந்த அம்மாவைப் பார்த்தாள். நூர் பாயைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"நீங்க அங்க இன்னா பண்றீங்க?"

அந்த 'நீங்க'வைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. "கை மாட்டிகிச்சு," என்று பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு விஷயத்தை ஒரே வரியில் சொல்லி முடித்தேன்.

"சார் முக்கா மணி நேரமா நமக்காவ வேலை செய்றாரும்மா," என்றார் நூர் பாய்.

ஸ்டெல்லா திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊசிக்குப் பயப்படுகிற நோயாளியிடம் பேசும் குரலில், "கைய முறுக்காத. தொளதொளன்னு வுடு," என்றாள். தன் கையை உள்ளே விட்டு, தடவிப் பார்த்து, கடிகார வாரின் கொக்கியைக் கழற்றினாள். கை வெளியே வந்தது. கடிகாரத்தையும் டேப்பையும் எடுக்க நூர் பாய் வலைத்துணியைக் கத்தரிக்க வேண்டியிருந்தது. சட்டைக் கை ஜிப்போடு போயிற்று. கல்யாணப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பாய், இந்த மெத்தையவே குட்த்துருங்க," என்றாள் ஸ்டெல்லா.

"இன்னும் நாலு கடை பாக்கணும்," என்று நான் முனகினேன்.

"இவ்ளோ கலாட்டாவுல நான் தூங்கிகினு இருந்தேன். இதுக்கு மேல இன்னா பாக்கணும் ஒனக்கு?"

'ஒனக்கு' என்றதும் உயிர் வந்தது. மூலை கிழிந்த மெத்தை என்பதால் நூர் பாய் விலையைக் குறைத்தே கொடுத்தார். கல்யாண வீட்டார், கிழியாத ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே மெத்தை வீட்டுக்கு வந்தது. ஸ்டெல்லா பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு வந்து படுத்து, வார்டில் இரண்டு மாதமாக நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அசைந்தாலும் பரவாயில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை வந்தது. பந்தியில் பெண்ணின் அப்பா என்னைச் சம்பந்தியிடம் கூட்டிப்போய், "சொன்னேன்ல, கைய உள்ள வுட்டவரு," என்று அறிமுகம் செய்து வைத்தார். அதற்குள் கதை காசிமேடு முழுக்கச் சுற்றி, எங்கள் கோயில் வாசலுக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஸ்டெல்லாவின் வார்டில் இன்றும் யாராவது டூட்டியில் கண்ணசந்தால், "இன்னாமா, டெமோவா?" என்றுதான் கேட்பார்களாம்.

போன மாதம் விம்கோ நகரில் ஒரு கடைக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போனோம். விற்பனையாளர் மேல் கதவைத் திறந்து, "உள்ள கைய வெச்சுப் பாருங்க சார், கூலிங் தெரியும்," என்றார்.

"வேணாம்பா," என்றாள் ஸ்டெல்லா, அவசரமே இல்லாமல். "இவரு கைய உள்ள வுட்டா, அந்தப் பொருள நாங்க வாங்கித்தான் ஆவணும்."

விற்பனையாளருக்குப் புரியவில்லை. நான் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஓர் அடி தள்ளி நின்றே ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.