கோணல் கால் கன்றுக்கு நான் பொறுப்பல்ல

சந்திரகிரி,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாமா பாலையா அவர்களுக்கு, மருமகன் தமிழரசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலமாக இல்லை. அங்கு தாங்களும் அத்தையும், எட்டு மாதக் கர்ப்பிணியான என் மனைவி யமுனாவும் நலமாக இருக்க வேண்டும். பதினோரு முறை போன் அடித்தும் தாங்கள் எடுக்காததால் இந்தக் கடிதம்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவன் என்று தெரிந்துதான் எனக்குப் பெண் கொடுத்தீர்கள். மே மாதம் தங்கள் செவலைப் பசுவுக்கு ஊசி போட்டது நான்தான். பிப்ரவரியில் கன்று முன்னங்கால் இரண்டும் மடங்கி, நீட்ட வராமல் பாதியில் சிக்கியபோது தங்கள் ஊர் ஏர்பேடு வரை ஓடிவந்து, தரையில் படுத்து இரண்டு மணி நேரம் இழுத்ததும் நான்தான். கன்று செத்தே விழுந்தது, தாயைக் காப்பாற்றினேன். ரத்தமும் சாணியுமாக எழுந்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தராமல், தெருவே கூடி நிற்கும்போது, "இவன் கை பட்டா இப்பிடித்தான் பொறக்கும்" என்றீர்களே, அது மனுஷன் பேசுற பேச்சா மாமா? அதோடாவது விட்டீங்களா? சீமந்தம் முடிந்து அங்கே வந்திருந்த யமுனாவைத் திருப்பதிக்குக் கூட்டிப்போய், ஸ்கேனில் குழந்தையின் காலை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு காலும் நன்றாக உதைக்கிறது என்று அந்த டாக்டரம்மா சொன்ன பிறகும் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னீர்களாம்.

கால்நடை டாக்டர் ஜமீலா மேடம் தங்கள் வீட்டுக்கே வந்து, தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் விளக்கினார். மழைக்காலத்தில் கொசுவைவிடச் சின்னப் பூச்சி சினைமாட்டைக் கடித்தால் வைரஸ் ஏறும், தாய்க்கு ஒன்றும் தெரியாது, வயிற்றுக் கன்றின் கால்தான் மடங்கும், மனிதர்களுக்கு இது வராது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பூச்சி கடிச்சா அரிக்கும், காலு எப்பிடிம்மா மடங்கும்?" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டு வேங்கடாசலம் தன் பசுவைக் காளைக்குத்தானே விட்டார்? அதுக்கும் அதே கோணக்கால் கன்னுதானே? காளைக்கு ஏது மாமா கை? தங்கள் பேச்சு எட்டு ஊருக்குப் பரவி, ஒருத்தரும் கூப்பிடாம, மூணு வாரமா வீட்ல குந்திக்கினு இருக்கேன்.

அதே தெருவில், அதே ஆட்கள் முன்னால் தப்பு என்று தாங்கள் சொல்லும்வரை தங்கள் வாசலை மிதிக்கமாட்டேன். பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். யமுனா இரும்பு மாத்திரையைத் தவறாமல் போடவேண்டும். தங்களுக்கு ஏழுமலையான் நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும், புத்தியை முதலில்.

தீராத கோபத்துடன்,
தமிழரசு.

பி.கு.: கவரில் போடும்போது யமுனா போன் செய்தாள். தங்கள் கறுப்புப் பசு காலையிலிருந்து கத்துகிறதாம். "வேற எவனையும் கிட்ட விடமாட்டேன், மாப்பிள்ளைய வரச்சொல்லு" என்று தாங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறீர்களாம். சினைப் பருவம் சாயங்காலம் வரைதான் தாங்கும், அதற்குள் ஊசி போடவேண்டும், வண்டியை எடுத்துவிட்டேன். ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் கடிதத்தையும் போடுகிறேன். வந்தால் பிரிக்காமல் யமுனாவிடம் கொடுத்துவிடவும்.