இறங்காத கங்காணி

காருக்குள்ளிருந்து வயர்க்கட்டை நஸார் உருவி இழுத்தபோது, அதில் சிக்கிக்கொண்டு ஓர் எலியும் கூடவே வந்தது. செத்து நாளாகியிருந்தது.

சோலைமலைக் கங்காணி மூக்கைப் பொத்தவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் எதற்கும் மூக்கைப் பொத்தியதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டி என்ன சொல்லுது?" என்றார்.

"ஒண்டும் சொல்லாது, கங்காணியார். சொல்ற நரம்பையெல்லாம் எலி திண்டிட்டு ஈக்கி," என்றான் நஸார். ஹட்டனில் கராஜ் வைத்திருப்பவன். "லைட்டு, ஹோன், ஸ்டார்ட்டர் எல்லாத்துக்கும் போற வயரு இந்த ஒரே கட்டுலதான். புதுசு வேணுமெண்டா சீமையிலருந்து கப்பல்ல வரணும்."

"திருவிழா நாளக்கழிச்சு. கப்பல் நம்ம நோர்வூட்டு மலைக்கு வருமா?"

"வராது. நானே கட்டித் தாறன். பழசப் பாத்து, எந்த நெறம் எங்க போகுதெண்டு பாத்து, அப்படியே புதுசு கட்டிடலாம். ஹட்டனுக்குப் போய் வயரு வாங்கிட்டு வாறன்."

அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத கறுப்புப் பந்தயக் கார். பக்கத்துத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கங்காணிக்கு ஓட்டத் தெரியாது. அவர் அதை வாங்கியது சவாரிக்காக அல்ல, ஒரு முடக்குக்காக.

தொழிலாளர் லயங்களிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு ஏறும் பாதை, துரை பங்களாவை ஒட்டிய வளைவான அந்த முடக்கைச் சுற்றித்தான் போகிறது. துரைக்கு மரியாதையாக அங்கே குடை பிடித்தவன் குடையை மடக்க வேண்டும். சைக்கிளில் வந்தவன் இறங்கித் தள்ள வேண்டும். நாட்டுக்கு வந்த சுதந்திரம் அந்த முடக்கு வரைக்கும் ஏறி வரவில்லை. கங்காணியின் தகப்பனார் அடைமழையில் குடையை மடக்கி, நனைந்து, காய்ச்சலில் விழுந்த இடம் அது. போன மாதம் வந்த புதுத் துரையும் காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் நின்று அதே சட்டத்தைச் சொன்னார்.

"குடையச் சொன்னாரு, சைக்கிளச் சொன்னாரு. காரைச் சொல்லலையே," என்று கோயில் கூட்டத்தில் எழுந்தார் சோலைமலை. "திருவிழா அன்னைக்கு அந்த முடக்குல நான் உக்காந்தேதான் போவேன். எறங்கினேன்னா, இந்த வருசப் பரிவட்டத்த பழனியாண்டி கட்டிக்கிறட்டும்."

பழனியாண்டிக் கங்காணி அப்போதே தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தலைமுறை தலைமுறையாகச் சோலைமலை வீட்டுத் தலைக்கு மட்டுமே ஏறிய கோயில் பட்டு அது.

நஸார் ஹட்டன் போய்த் திரும்புவதற்குள் கங்காணி ஒரு நல்ல காரியம் செய்தார். எலி செத்த சாமான் வாசலில் கிடந்தால் தீட்டு. வீடோ திருவிழாவுக்காக விரதம் இருக்கிற வீடு. வயர்க்கட்டை எலியோடு சேர்த்துக் கொளுத்தச் சொல்லி, சாம்பலின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

நஸார் வந்து தேடினான். "பழசு எங்க, கங்காணியார்?"

"சுத்தம் பண்ணியாச்சு."

"அல்லாவே! அதுலதானே எது எங்க போகுதெண்டு ஈந்திச்சி!"

"எலி அத்தன வயரையும் தேடிப் பிடிச்சுக் கடிச்சிருக்கு. எலிக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியாதா? கட்டுப்பா."

ஹட்டனில் கறுப்பு வயர் மட்டும்தான் கிடைத்திருந்தது. எல்லாம் ஒரே கறுப்பு. நஸார் அதைச் சடை போலப் பின்னி, நுனிகளை நினைவில் வந்தபடி முறுக்கிவிட்டு, "பிஸ்மில்லா" என்று பொத்தானை அமுக்கினான்.

ஹோன் பொத்தானை அமுக்கினால் கண்ணாடி துடைக்கும் கம்பி ஆடியது. லைட்டைப் போட்டால் ஹோன் அலறியது. அணைத்தால் இன்னும் பலமாக அலறியது. லயத்துக் கோழிகள் தேயிலைக்குள் ஓடின. நஸார் ஒரு வயரைப் பிடுங்கினான். ஹோன் ஒரேயடியாக ஊமையானது, லைட்டும் அதோடு போனது. கடைசியாக ஸ்டார்ட்டரை இழுத்தான். வயர்க்கட்டு முழுவதும் புகைந்து, ரப்பர் எரிந்த நாற்றம் தொழிற்சாலை வரைக்கும் போனது.

"இனி ஒரு மாசமாவது வேணும்," என்றான் நஸார்.

"சக்கரம் உருளுதா?"

"தள்ளினா உருளும்."

"அது போதும்."

மனைவி அம்மாக்கண்ணு அடுப்படியிலிருந்து வந்தாள். "என்னங்க, எல்லாரையும் போல நடந்தே போயிருவோமே. நடந்து வந்தா ஆத்தா வேணாங்கவா போறா?"

"ஆத்தாளுக்கு நடப்பேன் புள்ள. தொரைக்கு நடக்க மாட்டேன்."

"காரு ஓடலையே!"

"உக்காந்து போவேன்னு சொன்னேன். ஓடும்னு சொன்னேனா?"

திருவிழா அன்று மத்தியானத்திலேயே மலையை மூடுபனி மூடியது. மைத்துனன் செல்லசாமியும் அவனுடைய தம்பிமார்களும் காரின் நான்கு மூலைக்கும் தோள் கொடுத்தார்கள். நஸார் வெளியே நடந்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"ஹோன் இல்லாம முடக்குல ஏற ஏலாது. மேலருந்து கொழுந்து லொறி வந்தா அம்புட்டுத்தான்," என்றான்.

"பூசாரிகிட்ட சங்க வாங்கி ஊதச் சொல்லு."

"பனிக்குள்ள சங்கு கேக்குமா மாமா?" என்றான் செல்லசாமி.

"அப்ப தப்படிக்கிறவங்களையும் முன்னுக்கு விடு."

"லைட்டு?"

"தீச்சட்டி எடுக்கிறவன முன்னால நடக்கச் சொல்லு. இதையெல்லாமா நான் சொல்லித் தரணும்?"

கூரையில்லாத காரில் குளிர் ஊசியாய்க் குத்தியது. பல் கிடுகிடுத்தால் பயந்துவிட்டான் என்று பழனியாண்டி சொல்லுவார். ஆகவே கங்காணி மஃப்ளரைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் இறுக்கி முடிந்துகொண்டார். பூசாரி நெற்றி நிறைய விபூதி பூசி மாலை போட்டார். ரப்பர் நாற்றம் போக அம்மாக்கண்ணு காரின் முன்பக்கம் கட்டுக் கட்டாக ஊதுபத்தி செருகினாள். செருகியவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சொல்லச் சொல்லக் கேக்காம இப்பிடிப் போறாரே! நாலு பேரு சிரிக்கப் போறாரே!" என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு காரின் பின்னால் நடந்தாள். மானம் போகிற துக்கத்தில் அவளோடு தங்கச்சிமார்களும் அழுதார்கள்.

"அழாம வாங்கடி," என்று சொல்லக்கூடக் கங்காணியால் வாயைத் திறக்க முடியவில்லை. முடிச்சு அவ்வளவு இறுக்கம்.

கார் முடக்கை நெருங்கியது. குடைகள் மடங்கின. சைக்கிள்காரர்கள் இறங்கினார்கள். சங்கு ஊதியது, தப்பு அதிர்ந்தது. வழுக்கிய மேட்டில் கார் நின்றுவிடப் பார்த்தது.

"மாமா, ஒரே ஒரு நிமிசம் எறங்கினீங்கன்னா..." என்று செல்லசாமி மூச்சு வாங்கினான்.

கங்காணி கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு விறைத்தார். இடப்பக்கம் பார்க்கவில்லை, வலப்பக்கம் பார்க்கவில்லை. கண்ணிமைகூட ஆடவில்லை. தகப்பனார் நனைந்து நின்ற இடம் மெல்ல, மிக மெல்லப் பின்னால் நகர்ந்தது.

பங்களா விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த துரை கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கார் முடக்கைத் தாண்டும்வரை தலை குனிந்து நின்றார்.

அந்தத் தோட்டத்தில் அதுவரை யாரும் காணாத காட்சி. தப்படிக்கிறவர்கள்கூட ஓர் அடி தவறவிட்டார்கள்.

கோயில் வாசலில் மஃப்ளரை அவிழ்த்ததும் கங்காணி சொன்ன முதல் வார்த்தை, "பாத்தியா பழனியாண்டி? நான் எறங்கல. எந்திரிச்சது அவரு."

பழனியாண்டி பரிவட்டத்தைத் தாமே எடுத்து வந்து பூசாரி கையில் கொடுத்தார். கூட்டம் கங்காணியைச் சூழ்ந்துகொண்டு ஆர்ப்பரித்தது. இனி அந்த முடக்கில் தானும் குடையை மடக்கப் போவதில்லை என்று ஒருவன் கத்தினான். கங்காணி தலையைக் கொடுத்தார், கழுத்தை வளைக்காமல்.

அப்போது பங்களாச் சமையல்காரர் ஒரு கூடை வெள்ளைப் பூவோடு மூச்சிரைக்க ஓடி வந்து, கூட்டத்துக்கு வெளியே இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் முன்னால் நின்றார். "தொரை ரொம்ப வருத்தப்பட்டாருங்கம்மா. கங்காணியார நல்லபடியா அடக்கம் பண்ணுங்க, நாளைக்கு யாரும் பெரட்டுக்கு வரவேணாம்னு சொல்லச் சொன்னாரு."