கயிறண்ணை உள்ளே வராத ஞாயிற்றுக்கிழமை

யாராவது கையைத் தட்டிவிடாமல் எந்த வேலையையும் தொடங்காத மனிதர் கனடாவில் நாங்கள் இருக்கும் மல்வேர்ன் பகுதி முழுவதிலும் ஒருவர்தான். கயிறண்ணை. மற்றவர்கள் அலாரம் அடித்தால் எழும்புவார்கள், பச்சை விளக்கு எரிந்தால் தெருவைக் கடப்பார்கள். கயிறண்ணைக்கோ ஓர் உள்ளங்கை வந்து அவருடைய உள்ளங்கையில் 'பட்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் பனி கொட்டினாலும் நின்ற இடத்திலேயே நிற்பார்.

எல்லாம் தொழில் செய்த வேலை. இரவில் அவருக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. போன வருடம்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் இரட்டையர் மல்யுத்தம். இதில் ஓர் அணிக்கு இருவர். ஒருவர் மேடைக்குள் அடிவாங்குவார். மற்றவர் வெளிவிளிம்பில், மூலைக் கம்பத்தில் கட்டிய முழ நீளக் கயிறு ஒன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையை உள்ளே நீட்டியபடி நிற்பார். உள்ளே நிற்பவர் அந்தக் கையைத் தொட்டால்தான் இவர் உள்ளே வரலாம். கயிறு கையில் இல்லையென்றால் தொட்டதும் செல்லாது. மற்ற மல்யுத்தக்காரர்கள் அந்தக் கயிற்றைத் தோரணம் மாதிரித்தான் நினைப்பார்கள். இவர் பன்னிரண்டு வருடமாக அதை விட்டதில்லை.

நான் மென்பொருள் சோதிப்பவள். விசித்திரமான நடத்தை ஒன்றைக் கண்டால் அது எங்கெங்கே நிகழ்கிறது என்று குறித்து வைப்பது என் பழக்கம். பக்கத்து வீட்டுக்காரியாக நான் கண்டும் கேட்டும் குறித்தவற்றில் முதலாவது, பாண் தொழிற்சாலையில் நடந்தது. முதல் ஷிஃப்ட்காரர் கையைத் தட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டார். குழைத்த மா பொங்கி நிலத்தில் இறங்கிச் காலில் போட்ட சப்பாத்தை மூடும்வரை கயிறண்ணை இயந்திரத்துக்கு முன்னால் கையை நீட்டியபடி நின்றார். கடைசியில் மேற்பார்வையாளர் ஓடிவந்து தட்டினார். இரண்டாவது, ஒரு கல்யாண வீட்டில். சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற அன்ரி தட்டோடு நகர்ந்துவிட்டார், கயிறண்ணை நகரவில்லை. அவருக்குப் பின்னால் நூறு பேர் பசியோடு நின்றார்கள்.

மூன்றாவதற்குச் சொந்தக்காரி அவருடைய மனைவி. இன்ரநெற் கொம்பனியோடு தொலைபேசியில் சண்டை பிடித்துக் களைத்ததும் கணவருடைய கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார்.

"இந்தாங்கோ, எனக்கு மூச்சு வாங்குது. இனி நீங்கள் இறங்குங்கோ."

அவர் சோபாவைத் தாண்டிப் பாய்ந்து வந்து போனை வாங்குவார்.

மேடையில் அவர் பெயர் பம்பாய் மகாராஜா. ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன்.

"பிள்ளை, எங்கட ஊர்க் கொடிகாமத்தைத் தாண்டி நான் போனதே கனடாவுக்கு வரேக்கதான். பம்பாய் எந்தப் பக்கம் எண்டும் எனக்குத் தெரியாது."

அவருடைய கூட்டாளிக்குப் பெயர் பனிக்கரடி. பகலில் தண்ணீர்க் குழாய் திருத்தும், மெல்லிய குரலில் பேசும் பெரிய உடம்புக்காரர். இருவரும் சேர்ந்து ஒரு தடவையும் வென்றதில்லை. யார் வெல்வது என்று முதலே பேசி வைத்துவிட்டு ஆடும் விளையாட்டு இது. தோற்பதற்கென்று ஓர் அணி வேண்டும், அது இவர்கள்.

போன வருடம் முழங்காலைப் பார்த்த வைத்தியர் இனிப் போதும் என்றார். ஆட்டங்களை நடத்துபவர் மனமிரங்கி, கடைசி ஆட்டத்தின் வெற்றியைக் கயிறண்ணைக்கே தருவதாகச் சொன்னார். கரடி கையைத் தொடுவார், மகாராஜா உள்ளே பாய்ந்து எதிராளியைக் கவிழ்த்து அமுக்குவார், நடுவர் மூன்று எண்ணுவார்.

"நடுவர் என்ர கையைத் தூக்கிக் காட்டினதை நான் ஒருநாளும் காணேல்லை, பிள்ளை. ஒருக்காப் பாத்தால் போதும்," என்றார்.

மில்லிக்கனில் ஒரு பிளாசா மண்டபம், ஞாயிறு பின்னேரம். எங்கள் வரிசை வீடுகளில் பாதிச் சனம் அங்கே. என் அம்மா மடியில் வெற்றி மாலை.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் கரடி விழுந்தார். பேசி வைத்த விழுகை அல்ல. தோள்மூட்டு உண்மையாகவே கழன்றுவிட்டது. குப்புறக் கிடந்தவருக்குக் கையை நீட்ட முடியவில்லை. நிலைமை புரிந்த நடுவர், உள்ளே வா என்று கயிறண்ணைக்குக் கண்ணைக் காட்டினார். எதிராளியும் காட்டினான். கயிறண்ணை கயிற்றைப் பிடித்தபடி கையை நீட்டினார். ஒரு முழம் எட்டவில்லை.

"அண்ணை, எட்டித் தொடுங்கோ! எட்டித் தொடுங்கோ!" அம்மா கதிரையில் ஏறி நின்றார்.

கையைவிடக் கால் நீளம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கயிற்றை விடாமல் ஒரு காலை உள்ளே நீட்டினார். சப்பாத்து நுனி கரடியின் தலையில் பட்டது.

நம் கால் இன்னொருவர் மேல் பட்டால் என்ன செய்வோம்? பஸ்ஸிலும் செய்வோம், விமானத்திலும் செய்வோம். யோசித்துச் செய்வதல்ல அது. கயிறண்ணை கயிற்றை விட்டார். உள்ளே குனிந்து கரடியின் தலையைத் தொட்டு, விரல்களை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

"தொட்டிட்டார்!" மண்டபத்தில் பாதி எழும்பியது. கை பட்டுவிட்டது, இனி வா என்று நடுவரும் கூப்பிட்டார். அமுக்கப்பட வேண்டிய எதிராளி தானாகவே மல்லாந்து படுத்து ஆயத்தமானான்.

கயிறண்ணை உள்ளே வரவில்லை. விளிம்புக்குத் திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை மறுபடி பிடித்து, அதை நடுவருக்குத் தூக்கிக் காட்டினார். தொட்டபோது இது என் கையில் இல்லை என்று அர்த்தம்.

"கம் ஒன், மேன்!" படுத்தவன் தலையைத் தூக்கிக் கெஞ்சினான். கயிறண்ணை தலையை ஆட்டினார்.

நடுவர் வேறு வழியில்லாமல், கரடி எழும்புகிறாரா என்று பார்த்துப் பத்து எண்ணினார். பன்னிரண்டு வருடமும் முழுத் தோல்வியாக முடிந்தது.

கரடியைத் தூக்குப் படுக்கையில் வைத்துத் தூக்கினார்கள். மாலையை வீணாக்க மனமில்லாத அம்மா அதோடு அங்கே ஓடினார். "அம்மா, படுத்துக் கிடக்கிற மனிசனுக்கு மாலை போடாதேங்கோ!" என்று பிடித்து இழுத்தேன். கரடியோ தன் தோளைப் பற்றிக் கேட்கவில்லை. கண்ணில் ஒற்றியது எதற்கு என்று கேட்டார். விளக்கினேன். தோள் சுகமான பிறகு, கதிரையில் கால் இடித்தாலும் அவர் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாராம்.

கயிறண்ணை உடை மாற்றும் அறை வாசலில் தனியாக இருந்தார். "அங்கிள், எல்லாம் பேசி வைச்ச விளையாட்டுத்தானே. உள்ள வந்திருக்கலாமே?" என்றேன்.

"ஆர் வெல்லுறது எண்டதுதான் பிள்ளை பேசி வைச்சது. கயிறு பேசி வைச்சதில்லை."

அதைச் சொல்லிவிட்டு, யாரும் தூக்கிக் காட்டாத தன் வலது கையைப் பார்த்தார். அம்மா அந்த மாலையை அவருடைய கழுத்தில் போட்டார். அவர் தடுக்கவில்லை.

காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது நான் சரிபார்க்க ஒரு பட்டியல் உண்டு: வீட்டுத் திறப்புக் கோர்வை, மடிக்கணினி, பஸ் அட்டை, மத்தியானச் சாப்பாடு. இந்த வருடம் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பாண் வாசத்தோடு வேலை முடிந்து கயிறண்ணை பஸ்ஸால் இறங்குவார். நான் கையை நீட்டுவேன்.

"போ பிள்ளை, இனி உன்ர முறை," என்று ஒரு தட்டு.

அவர் வரப் பிந்தினால், என்னுடைய பஸ்ஸைப் போகவிட்டு நிற்பேன்.