மெரிக் பிறந்த நேரம் அவசரமாகத் தேவை

மஹய்யாவ, கண்டி
ஜூலை 29, செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகன் சுதேஷுக்கு,

அத்தை வடிவம்மா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி கிருஷாந்தியும் பிள்ளைகளும் நல்ல சுகத்துடன் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். யாருக்காவது காய்ச்சல் தடிமன் இருந்தால், இந்தக் கடிதத்தை முழுமையாக வாசித்துவிட்டு மருந்து கொடுக்கவும். என் பிரஷர் சென்ற வாரம் வரை ஒழுங்காக இருந்தது. இந்த வாரம் அது வெஸ்ட்மார்ஷ் கழகத்தின் கையில் இருக்கிறது. வழமைபோல் நான் பேனையால் எழுத, மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கும் சஞ்சீவனி படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். பக்க எண் போட்டிருக்கிறேன். போன தடவை நீ மூன்றாம் பக்கத்தை முதலில் வாசித்துவிட்டு, செத்தது யார் என்று பதறிப்போய்க் கேட்டாய். செத்தது பிரிஜ்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இங்கிலாந்து வெஸ்ட்மார்ஷ் அணியின் இடதுபக்கப் பின்கள வீரன் ஜோயல் மெரிக், பத்தொன்பது வயதுப் பிள்ளை, இந்தக் கோடையில் நோர்த்கேட் அணிக்குப் போகப்போகிறான் என்று ஒரு கதை அடிபடுகிறது. நீ உதைபந்தாட்டம் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். வெஸ்ட்மார்ஷ் மைதானத்துக்கு ரயிலில் நாற்பது நிமிடத்தில் போகக்கூடிய இடத்தில் வீட்டை வாங்கிவிட்டுப் பார்க்காமல் இருப்பது சரியா என்று நீயே யோசி. ஆனாலும் இதற்கெல்லாம் தொடக்கம் நீதான். என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் பெரிய டிவி வாங்கித் தந்தாய், நாடகம் பாருங்கள் அத்தை என்றாய். அதைச் சுவரில் பூட்டுவதற்குப் பக்கத்து வீட்டுப் பாயிஸ் வந்தார். அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர், ஆணி நேராக அடிப்பார். பூட்டிவிட்டுப் படம் தெளிவா என்று பார்க்க ஒரு வெஸ்ட்மார்ஷ் மேட்ச்சைப் போட்டவர், படம் தெளிவு என்று சொல்ல ஒன்றரை மணித்தியாலம் எடுத்தார். அடுத்த சனிக்கிழமை மோகனராஜையும் கூட்டிக்கொண்டு வந்தார். உன் மாமாவின் பழைய சிநேகிதர் மோகனராஜை உனக்குத் தெரியும், கல்விக் கந்தோரில் முப்பது வருஷம் ஆசிரியர் இடமாற்றப் பிரிவில் இருந்து பென்ஷன் எடுத்தவர். அப்படியே ஒவ்வொருவராகச் சேர்ந்து, மேட்ச் நாளில் இப்போது பதினொரு கதிரை போடுகிறேன். உன் மாமா போன பிறகு நாலு வருஷம் இந்த வீட்டில் சனிக்கிழமை என்று ஒரு நாள் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

மெரிக்கை இவர்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான். எல்லோரும் கோல் அடிக்கிறவனையே பார்த்துக்கொண்டிருக்க, சேர்ட்டை ஒழுங்காக உள்ளே விட்டிருக்கிற பிள்ளை யார் என்று கேட்டேன். அவன் எதிராளியை விழுத்தினால் கை கொடுத்துத் தூக்கிவிடுவான். நடுவர் விசில் ஊதினால் வாதாட மாட்டான். நான் ஆங்கிலம் படிப்பித்த கொன்வென்ட்டில் அவன் படித்திருந்தால் நன்னடத்தைப் பரிசு அவனுக்குத்தான், பெண்கள் பாடசாலை என்பது ஒன்றுதான் தடை. அப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றிச் சென்ற திங்கட்கிழமை காலை சஞ்சீவனி தலையில் துவாய் கட்டியபடி படியில் ஓடி வந்து, "ஆன்ட்டி, மெரிக் போறானாம்!" என்றாள். யார் சொன்னது என்றேன். "நம்பகமான ஆள் ஆன்ட்டி." பெயர்? "பேரெல்லாம் போட மாட்டாங்க." பெயர் போட வெட்கப்படுகிறவன் எப்படியடி நம்பகமானவன் என்று கேட்டேன். அதற்கு அவள், மெரிக் தன் இணையப் பக்கத்தில் இருந்த வெஸ்ட்மார்ஷ் படத்தை எடுத்துவிட்டான், அவன் தாய் நோர்த்கேட்டில் வீடு பார்க்கிறாள், முடியை வேறு குட்டையாக வெட்டிவிட்டான் என்று மூன்று சாட்சி சொன்னாள். முடி வெட்டினால் ஊரை விட்டுப் போவதென்றால் மஹய்யாவயில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

அன்று பின்னேரமே எல்லோரும் வந்துவிட்டார்கள். மேட்ச் இல்லை, ஆனாலும் பதினொரு கதிரையும் நிரம்பியது. அங்கேதான் சண்டை தொடங்கியது. மோகனராஜ், "அக்கா, ட்ரான்ஸ்பர் வந்தா வந்ததுதான். பையன் எங்க போறானோ நாங்களும் அங்கதான். இனி நாங்க நோர்த்கேட்" என்றார். பாயிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப வெஸ்ட்மார்ஷ் என்ன, பஸ் ஸ்டாண்டா? ஏறி எறங்கிப் போறதுக்கு?" என்றார். "முப்பது வருசமா எத்தனை பேருக்கு ட்ரான்ஸ்பர் அடிச்சவன் நான், எனக்குச் சொல்றீங்களா?" "அடிச்சதெல்லாம் அப்பீல்ல நிண்ட கதையும் எங்களுக்குத் தெரியும் ஐயா!" இப்படிப் போய், கடைசியில் மோகனராஜ் எழுந்து நின்று, நோர்த்கேட் மேட்ச்சைத் தன் மருமகன் வீட்டில் பார்க்கப்போவதாகவும், விரும்பியவர்கள் வரலாம் என்றும் அறிவித்தார். ஆறு பேர் அவர் பக்கம். நான் மேசையைத் தட்டி, மெரிக் எங்கேயும் போக மாட்டான், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது. சனிக்கிழமை ஒரு சிநேகபூர்வப் போட்டி நடந்தது. நாலு பேர்தான் வந்தார்கள். இரண்டு கிலோ கடலை அவித்திருந்தேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் கடலைதான் சாப்பிட்டேன்.

அன்று மேட்ச் முடிந்ததும் பாயிஸ், "அம்மா, நீங்க கோயில்ல ஒரு அர்ச்சனை வைங்க. நான் பள்ளியில துஆ கேக்குறேன். ரெண்டு பக்கத்தாலயும் அடைச்சா பொடியன் எப்பிடிப் போற?" என்றார். எனக்கு இது நியாயமாகப் பட்டது. ஞாயிறு காலை பெரஹெரா ஊர்வல ஆயத்தங்களுக்குள் நெரிபட்டு, தட்டும் தேங்காயுமாகக் கோயிலுக்குப் போனேன். குருக்கள் பெயர் கேட்டார். ஜோயல் மெரிக் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். நட்சத்திரம் கேட்டார். தெரியாது, இங்கிலாந்துப் பிள்ளை என்றேன். "நட்சத்திரம் இல்லாம எந்த ஊர்லயும் பிள்ளை பொறக்காதும்மா. சரி, சாமி பேருக்கே செஞ்சிரலாம்" என்றார். நான் மறுத்துவிட்டேன். விலாசம் எழுதாமல் கடிதம் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பிறந்த தேதி சஞ்சீவனி எடுத்துத் தந்திருந்தாள், நவம்பர் ஒன்பது. குருக்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அன்று மத்தியானம் வரை திருவாதிரை, அதன் பிறகு புனர்பூசம், ஆகவே பிறந்த நேரம் வேண்டும் என்றார். இங்கிலாந்து மத்தியானமா இலங்கை மத்தியானமா என்று நான் கேட்டதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில். ஒருவர், "அம்மா, பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று இரக்கத்தோடு கேட்டார். வருத்தம் ஒன்றும் இல்லை, விற்கப் பார்க்கிறார்கள் என்றேன். அந்த மனிதர் கையிலிருந்த தேங்காய் நழுவி விழுந்து அங்கேயே உடைந்தது. அவருக்கு முழுக் கதையையும் விளக்கிச் சொல்லவேண்டி வந்தது. அப்போதுதான் குருக்கள், "மெரிக் லெஃப்ட் பேக் தானே? பந்தைக் குடுத்துட்டுத் திரும்பி வர மறந்திடுறான்மா. எங்க நோர்த்கேட்டுக்கு வந்தா சரிப்படுத்திடுவாங்க" என்றார். எங்க நோர்த்கேட்! பன்னிரண்டு வருஷமாக அந்த மனிதர் கையால் திருநீறு வாங்கியிருக்கிறேன். மெரிக் போகவேண்டும் என்று நினைக்கிறவரிடமே மெரிக் போகாமலிருக்க அர்ச்சனைத் தட்டைக் கொடுத்திருக்கிறேன். நேரம் வேண்டும் என்று இழுத்தது பஞ்சாங்கத்துக்காகவா, பக்கச்சார்பாலா என்று எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைக் கேள். அன்று பின்னேரம் சஞ்சீவனி எனக்கு உதவுகிறேன் என்று, உலகம் முழுவதிலும் இருந்து வெஸ்ட்மார்ஷ் ரசிகர்கள் சேர்ந்திருக்கும் ஒரு குழுவில், மெரிக் எத்தனை மணிக்குப் பிறந்தான் என்று யாருக்காவது தெரியுமா, அவசரம் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். அர்ச்சனை என்று எழுத அவளுக்குக் கூச்சம், ஆகவே காரணம் எழுதவில்லை. ஒருவன், இந்த விபரம் எதற்கு, பத்திரங்கள் நிரப்பவா என்று கேட்க, இன்னொருவன் ஆம், புது அணியில் சேருமுன் நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு என்று எழுத, மூன்றாமவன் அதைத் தன் பக்கத்தில் போட்டுவிட்டான். நேற்றுக் காலை மோகனராஜ் போனைத் தூக்கிக்கொண்டு வெற்றி வீரராக வாசலில் வந்து நின்றார். "பாத்தீங்களா அக்கா! பிறப்பு விபரம் எல்லாம் சேக்குறாங்க. மெடிக்கல் நடக்கப்போகுது. ஆசியாவுல இருந்து நம்பகமான ஆள் சொல்லியிருக்காரு." நான் சஞ்சீவனியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். ஆசியாவின் நம்பகமான ஆள் என் மேல்வீட்டில் ஐந்து வருஷமாக இருக்கிறாள், பைப்பை ஒழுங்காக மூடத் தெரியாது.

உண்மையைச் சொன்னேன். மோகனராஜ் நம்பவில்லை. "நீங்க கவலையில சொல்றீங்க அக்கா" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். இப்போது கடைத்தெரு முழுக்க இந்தக் கதைதான். பாயிஸின் கடைக்குப் பெயின்ட் வாங்க வருகிறவர்கள்கூட மெடிக்கல் முடிந்ததா என்று கேட்கிறார்களாம். நேற்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு உற்சாகமாக நான் விழித்திருந்து பல வருஷம்.

ஆகவே நீ செய்யவேண்டியது இது. இத்துடன் மெரிக்கின் தாயாருக்கு நான் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமும் வருகிறது. மூன்றே பந்தி, ஒரு பிழை கிடையாது. அதை அச்செடுத்து, நல்ல உறையில் போட்டு, வரும் சனிக்கிழமை மைதானத்துக்குப் போய் அவருடைய கையில் கொடு. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போ. பிறந்த நேரம் எதற்கு என்று கேட்டால், கல்யாணப் பேச்சுக்கு இல்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல். பதில் வந்தவுடன் எனக்கு அறிவி. அர்ச்சனையை வேறு கோயிலில் வைத்துக்கொள்வேன். அவன் போனால் எனக்கென்ன என்று நீ நினைக்கலாம். அவன் போனால் மோகனராஜ் போவார், மோகனராஜோடு ஆறு பேர் போவார்கள், மிச்சம் நாலு பேருக்கும் நாளடைவில் ஒவ்வொரு அலுவல் வரும். பிறகு நீ சொன்னபடி நான் நாடகம் பார்க்கலாம்.

கிருஷாந்திக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்கவும். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், உனக்கு மட்டும் கூடுதலாக நல்ல ரசனையும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,

அத்தை
வடிவம்மா தியாகராஜா

பி.கு. (சனிக்கிழமை காலை): சஞ்சீவனிக்குக் கந்தோரில் வேலை என்று கடிதம் இன்னும் அனுப்பப்படவில்லை. நல்லதாகப் போயிற்று. நேற்று மெரிக் கையெழுத்து வைத்துவிட்டான், நோர்த்கேட்டுக்கு. ஐந்து வருஷம். மேலே எழுதிய ஒன்றையும் செய்ய வேண்டாம். தாயாருக்கு எழுதிய கடிதத்தையும் கொடுக்க வேண்டாம், வாசித்துப் பார்த்து உன் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள். இன்று விடிந்ததும் விடியாததுமாக மோகனராஜ் வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஆறு ஆம்பிளைகளின் சத்தம் தாங்க முடியாது என்று அவர் மகள் மறுத்துவிட்டாளாம். "அக்கா, கோவிக்காதீங்க, நோர்த்கேட் மேட்ச் இங்கயே பாக்கலாமா?" என்றார். ஒரு நிமிடம் யோசிப்பதுபோல நின்றுவிட்டுச் சரி என்றேன். பெரிய அணி என்பதால் நோர்த்கேட்டுக்கு மேட்ச் அநேகமாக ஞாயிற்றுக்கிழமைதானாம். ஆக, சனிக்கிழமை வெஸ்ட்மார்ஷ், ஞாயிறு நோர்த்கேட். மற்ற அணியைத் திட்டுவதற்காக இரண்டு நாளும் எல்லோரும் வருவார்கள். ஞாயிறு பூசை முடிந்து குருக்களும் வருகிறார். பன்னிரண்டாவது கதிரை வாங்கச் சொல்லிவிட்டேன். வார நடுவில் புதன்கிழமை வெறுமையாக இருக்கிறது. புதன்கிழமைகளில் விளையாடுகிற நல்ல கழகம் எது என்று விசாரித்து உடனே எழுது. வெஸ்ட்மார்ஷின் வலதுபக்கப் பையனை அங்கே விற்கலாமா என்று இங்கே எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.