லைனை வெட்டமாட்டேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும். இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். காகிதத்தில் கட்டைவிரலை அமுக்க முடியாது என்பதால்தான் தபாலில் போடுகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி.

என் சமூக வலைத்தளக் கணக்கை மூடிவிடப் போவதாகப் போனில் கத்தினாய். ஆரம்பித்துக் கொடுத்தவன் நீ, பாஸ்வேர்டு உன்னிடம் இருக்கிறது, இருந்த இடத்திலிருந்தே மூடிவிடுவாயாம். போனை வைத்த கையோடு அதை மாற்றிவிட்டேன். புதுசு என்னவென்று சொல்லமாட்டேன். பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே நீதான்.

உன் கோபத்துக்குக் காரணம் வலைத்தளத்தில் என்னோடு பேசுகிற அந்தக் கப்பல் கேப்டன் என்று தெரியும். பேத்தி முன்பல் விழுந்த வாயோடு சிரிக்கிற படத்துக்குக் கீழே, ஊர் பார்க்க, "நம்ம பேத்தி ரொம்ப அழகு" என்று அவர் எழுதியது தப்புதான். மருமகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அதற்காகக் கணக்கையே மூடுவது என்ன நியாயம்? அந்தப் பல் விழுந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். நீ கூப்பிட்டா சொன்னாய்? அதை மூடிவிட்டால் அடுத்த பல் முளைப்பது எனக்குத் தெரியாது, அவள் வளர்வது தெரியாது, இந்த வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்பதை நீ மறந்துவிட்டாய். போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டி, ஒருத்தர் லைனை எடுத்து இன்னொருத்தர் துளையில் செருகி, பேசி முடிக்கும்வரை கையை எடுக்காமல் இருந்தவள். எதிரே இருப்பவன் குடித்திருந்தாலும் சரி, மனைவியைத் திட்டினாலும் சரி, அவன் முடிக்காமல் நாம் வெட்டக்கூடாது. என் சர்வீஸில் ஒரே ஒரு போன் கால்தான் பாதியில் அறுந்தது, அதற்கு மெமோவும் வாங்கினேன். அது எப்படி அறுந்தது என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வந்தது. முதலில் எடைகுறைப்பு மாத்திரை விற்கிற அம்மணி வந்தாள், நான் போட்ட ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தொப்பை கரைந்ததாக எழுதினாள், பூந்தொட்டிப் படத்துக்குக் கூட. பிறகு எனக்குக் கார் விழுந்திருப்பதாக ஒரு லாட்டரிக்காரர். அவருக்குப் பின்னாலேயே ஜாமீன் இல்லாமல் கடன் தருகிற தம்பி. கடைசியில் கப்பல் நிறையத் தங்கத்தோடு துணை தேடி அலைகிற கேப்டன். மெக்கானிக் முகம் மாதிரி ஒரு முகம், மேலே தொப்பி. நீ சொன்னபடி எல்லாரையும் பிளாக் செய்திருக்கலாம். ஆனால் கேள், தினமும் காலையில் இந்த நாலு பேரும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். திருட்டுத்தனமாகத்தான் கேட்கிறார்கள், எனக்கென்ன தெரியாதா? இருந்தாலும் கேட்கிறார்கள். கேட்கிறவன் மூஞ்சியில் அடித்த மாதிரி வெட்ட எனக்குக் கை வரவில்லை.

ஆனால் நாலு பேருக்கும் பதில் எழுதி விரல் வீங்கிப்போனது. அப்போதுதான் தோன்றியது, நான் எதற்கு நடுவில்? கால் வந்தால் இணைத்துவிடுவதுதானே என் வேலை? ஒரு குழு ஆரம்பித்து நாலு பேரையும் உள்ளே போட்டு, "லைனில் இருங்க, பேசுங்க" என்று எழுதிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் லாட்டரிக்காரர் கேப்டனுக்குக் கார் விழுந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், கேப்டன் மாத்திரை அம்மணியிடம் துணைவியாகச் சம்மதமா என்கிறார், அவளோ உங்கள் தொப்பிக்குக் கீழே முகம் உப்பியிருக்கிறது, ரெண்டு டப்பா எடுத்துக்கோங்க என்கிறாள், கடன் தம்பி எல்லாரிடமும் வங்கி விவரம் கேட்கிறான், ஒருத்தரும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் சாப்பாடு விசாரிப்பதோடு சரி, அவர்கள் என்னைத் தொந்தரவு செய்வதே இல்லை. நீங்கள் எல்லாரும் அடிக்க முடியாத கொசுவை நான் ஒரே அறைக்குள் விட்டுப் பூட்டியிருக்கிறேன். இதற்கு மாலை போடாவிட்டாலும் பரவாயில்லை, மூடுகிறேன் என்று மிரட்டாதே.

"ஏமாந்துடுவேம்மா, என் பேர்லயே எவனாவது வருவான்" என்றாய். வரட்டும். முதல் வரியிலேயே பிடித்துவிடுவேன். நீ எழுதினால் "பிசிம்மா, அப்புறம் பேசறேன்" என்று இருக்கும். எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்று ஆரம்பித்தால் அவன் என் பிள்ளை இல்லை, திருடன்.

ஆகவே கணக்கை மூடமாட்டேன். நீ வாங்கச் சொன்ன பழைய பட்டன் போனையும் வாங்கமாட்டேன். மருமகளுக்கு என் அன்பைச் சொல். பேத்திக்கு நெற்றியில் ஒரு முத்தம். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, கோபம் தீராத கையால் செய்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான்.

இப்படிக்கு,
பாஸ்வேர்டு மாற்றிய அம்மா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, படமே இல்லாத புதுக் கணக்கிலிருந்து ஒருவன் வந்தான். "அம்மா, நான்தான். போன் தண்ணியில விழுந்துடுச்சு, பழைய கணக்குக்குள்ள போக முடியல. எப்படிம்மா இருக்கே? சாப்பிட்டியா? அன்னிக்குக் கத்திட்டேன், மனசே சரியில்ல." யோசிக்கவே இல்லை, குழுவில் தள்ளினேன். கேப்டன் வரவேற்றார், கடன் தம்பி வங்கி விவரம் கேட்டான். ஆள் வெளியே ஓடினான், மறுபடி இழுத்து உள்ளே போட்டேன். அப்புறம் எனக்குத் தனியாக எழுதினான்: "சின்னப்பையனா இருக்கறப்ப உன் போர்டுக்கு அடியில விளையாடி, ஒயரைப் புடுங்கினது நான். மெமோவை நீ வாங்கிக்கிட்ட. எனக்கு அப்பவே தெரியும்மா."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். இது எந்த மோசடிக்காரனுக்கும் தெரிய வழியில்லை. ஆகையால் அது நீதான் என்று பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறேன். மேலே எழுதியதை அடிக்கவில்லை, நீ அப்படிக் கேட்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் குழுவிலிருந்து எடுக்கமாட்டேன். நேரில் வந்து முகத்தைக் காட்டு, எடுக்கிறேன். அதுவரை கேப்டனிடம் மரியாதையாகப் பேசு. நான் சாப்பிட்டுவிட்டேன்.